புது றைபிளில் தோட்டா சிக்கினால் எங்கே பார்ப்பது?

புதிதாக வாங்கிய செமி ஒட்டோமற்றிக், அதாவது ஒரு வெடி போனதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற, வேட்டை றைபிள் இரண்டாவது வெடியிலேயே நின்றுவிடுகிறது. விசையை அழுத்தினால் ஒன்றுமில்லை. துவக்கின் பக்கத்தில் வெற்றுக் கோது (வெடித்த தோட்டாவின் உறை) பறக்கிற வாசலைப் பார்த்தால் தோட்டா ஒன்று குறுக்கே நிற்கிறது. அநேகமாக எல்லோரும் உடனே கைபிடியை இழுத்து, அந்தத் தோட்டாவை உதறிவிட்டு, அடுத்ததை ஏற்றுகிறார்கள். துவக்கு சுடும். இன்னும் சில வெடி போனதும் திரும்பவும் நிற்கும். தோட்டாப் பெட்டி முடிந்தாலும் ஏன் நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது.

உதறி எறிந்த அந்தத் தோட்டாவிடம்தான் விடை இருந்தது. அது எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நின்றது, போல்ற் (தோட்டாவைத் தள்ளி ஏற்றி, பின்னாலிருந்து மூடுகிற இரும்புக் கட்டை) அதற்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான்: கை வைக்க முதல் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. இங்கே இந்த வகைத் துவக்கு வேட்டைக்காரர் கையில் இல்லை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, வன்னிப் பக்கம் பன்றிக்குப் பயிர்க்காவலாக வைத்திருப்பவை பெரும்பாலும் 12 போர் (குழல் அளவு) துவக்குகள். மடித்துத் திறந்து, கையால் தோட்டா போட்டு, கையாலேயே கோதை எடுக்கிற சாமான். அதில் தோட்டா ஏறவில்லை என்ற முறைப்பாடே வராது. ஆனால் கனடாவுக்குப் போன எங்கள் பிள்ளைகளில் சிலர் முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறார்கள். என் பெறாமகனும் அப்படித்தான். "சித்தப்பா, துவக்குப் புதுசு, ஆனா பெட்டிக்கு மூண்டு நாலு சிக்குது, என்னண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். கோண்டாவிலில் லேத் பட்டறையோடு காலம் போக்கிய எனக்கு அது துவக்காகத் தெரியவில்லை, ஓடி வந்து திரும்பிப் போகிற ஒரு இயந்திரமாகத்தான் தெரிந்தது. அவனுக்கு எழுதி அனுப்பியதையே ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

பார்ப்பதற்கு முன் பாதுகாப்பு

சிக்கி நிற்கிற துவக்கு வெடிக்கக்கூடிய துவக்கு. குழல் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும், விரல் விசைக்கூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். விசையைத் தடுக்கிற பாதுகாப்புப் பூட்டு விழுமென்றால் அதைப் போடுங்கள். வாசலைப் பார்ப்பது பக்கத்தில் நின்று, குழல் வாய்க்கு முன்னால் எவரும் போகக்கூடாது. படம் எடுப்பதென்றால் பக்கத்தில் நிற்கிற இன்னொருவர் எடுக்கட்டும். பிறகு மகசினை (தோட்டாக்களை அடுக்கி வைக்கிற கூட்டை) கழற்றி, போல்ற்றைப் பின்னே இழுத்து நிறுத்தி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு தோட்டா ஒன்றையொன்று நெருக்கி மகசின் கழராவிட்டால், போல்ற்றை முதலில் பின்னே பூட்டிவிட்டு மகசினை இழுங்கள்.

சிக்கல் போலத் தெரிகிற ஆனால் வேறான இரண்டு விடயங்களைத் தொடக்கக்காரர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். விசை "டிக்" என்று விழுந்து வெடி கேட்கவில்லை என்றால் உடனே திறக்க வேண்டாம். குழலை இலக்கில் பிடித்தபடி குறைந்தது 30 செக்கன் காத்திருங்கள். மருந்து தாமதித்துப் பற்றலாம். மற்றது, வெடிச் சத்தம் வழமையைவிட மெதுவாக "புஸ்" என்று கேட்டு, போல்ற்றும் அசையாமல் நின்றால் அன்றைய சூட்டை அதோடு நிறுத்துங்கள். சன்னம், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறக்கிற குண்டு, குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். "ஏறவில்லையாக்கும்" என்று கையால் அடுத்ததை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். துவக்கை வெறுமையாக்கி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்தால் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒரு வெடிக்குள் நடக்கும் பயணம்

விசையை அழுத்தியதும் சன்னம் குழலால் ஓடுகிறது. செமி வேட்டை றைபிள்களில் பெரும்பாலானவை வாயுவால் இயங்குபவை. குழலின் ஓரிடத்தில் சிறிய துளை ஒன்று இருக்கும். சன்னம் அதைக் கடந்ததும் அழுத்தமுள்ள வாயுவில் கொஞ்சம் அந்தத் துளையால் இறங்கி ஒரு பிஸ்ரனைத் தள்ளும். பிஸ்ரன் தள்ளுகிற தண்டு போல்ற்றைத் திருப்பி, பூட்டுக் கழற்றி, பின்னே அனுப்பும். போல்ற்றின் முகத்தில் உள்ள சிறு கொளுக்கி வெற்றுக் கோதின் விளிம்பைப் பிடித்து அறையிலிருந்து இழுக்கும். பின்னே வரும் கோதை உதைமுள் தட்ட, அது வாசலால் வெளியே பறக்கும். போல்ற் கடைசி வரை போய், ஸ்பிறிங்கை அமுக்கி, அந்த ஸ்பிறிங்கின் பலத்தால் முன்னே திரும்பும். திரும்பும் வழியில் அதன் கீழ் விளிம்பு மகசினில் மேலே காத்திருக்கும் தோட்டாவின் பின்புறத்தில் இடித்து, அதை முன்னே தள்ளும். தோட்டாவின் மூக்கு ஒரு சரிவில் ஏறி அறைக்குள் நுழையும். போல்ற் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். இவ்வளவும் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

இந்தப் பயணத்தில் எல்லாமே தூரத்தில் தங்கியிருக்கிறது. வேட்டைக்குப் பாவிக்கிற .30-06 என்ற வகைத் தோட்டா ஒன்று மூக்கிலிருந்து அடி வரை ஏறத்தாழ 84 மில்லிமீற்றர் வரும். போல்ற் அதைவிடக் கூடப் பின்னே போனால்தான் மகசினில் உள்ள அடுத்த தோட்டாவின் பின்னால் நிற்க முடியும். சில மில்லிமீற்றர் குறைந்தாலும் கோது பறந்துவிடும், ஆனால் அடுத்த தோட்டா பிடிபடாது. பார்க்கிறவருக்கு அது தோட்டா ஏறாத கோளாறு. உண்மையில் போல்ற் போதிய தூரம் பின்னே போகாத கோளாறு. தொடக்கக்காரர் மகசினைக் குற்றம் சொல்லி இன்னொரு மகசினுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பலம் அளவாக இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் ஜோன் பிறவுணிங் 1900 இல் காப்புரிமை பெற்ற ஒட்டோ-5 துவக்கு வாயுவால் அல்ல, பின்னுதைப்பால் இயங்கியது. அதில் ஒரு உராய்வு வளையத்தை மெல்லிய தோட்டாவுக்கு ஒரு விதமாகவும், கனத்த தோட்டாவுக்கு வேறு விதமாகவும் மாற்றிப் போட வேண்டும். மாறிப் போட்டால் ஒன்றில் தோட்டா ஏறாது, அல்லது துவக்கு அடிபட்டுத் தேயும். அவரே வடிவமைத்து றெமிங்டன் நிறுவனம் 1906 இல் விற்பனைக்கு விட்ட வேட்டை றைபிளும் பின்னுதைப்பு வகைதான். 1967 இல் வந்த பிறவுணிங் பார் (BAR) வேட்டை றைபிள் வாயுவால் இயங்குவது. இன்றைய மொடல்கள் பலவற்றில் வாயுவின் அளவை அந்த அமைப்பே சரிசெய்துகொள்ளும். சிலவற்றில் நாங்களே திருப்பி வைக்க வேண்டும். கைநூலில் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் சுடப் போகக்கூடாது.

நின்ற தோட்டா சொல்வது

தோட்டாவின் மூக்கு கீழே சாய்ந்து, மகசினின் முன்சுவரிலோ சரிவின் அடியிலோ குத்தி நிற்கிறதா? அப்போது சந்தேகம் மகசினில். அது முழுதாக மேலே ஏறிப் பூட்டவில்லை, அல்லது தோட்டாக்களை மேலே தள்ளுகிற உள்ளேயுள்ள தள்ளுதட்டு முன்பக்கம் சரிகிறது, அல்லது தோட்டாக்களைப் பின்சுவரோடு ஒட்டி அடுக்கவில்லை. ஈயமூக்குச் சன்னம் என்றால் மூக்கில் பிறை வடிவில் ஒரு பளபளப்பான வடு விழுந்திருக்கும். அந்த வடு இருக்கும் இடத்தைக் கொண்டு தோட்டா எங்கே இடித்தது என்று கண்டுபிடிக்கலாம். எறியாமல் ஒரு சிறிய பையில் போட்டு வையுங்கள்.

மூக்கு மேலே நிமிர்ந்து அறையின் மேல் விளிம்பில் இடித்து நிற்கிறதா? மகசினின் உதடுகள், அதாவது தோட்டாவை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மடிப்புகள், தோட்டாவை நேரத்துக்கு முன்னரே விட்டுவிடுகின்றன. ஒரு உதடு மற்றதைவிட விரிந்திருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். இரண்டாவது மகசின் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் விரைவான சோதனை.

போல்ற் தோட்டாவின் நடு முதுகில் ஏறி நிற்கிறதா, அல்லது மகசினில் தோட்டா இருக்கும்போதே வெறும் அறையில் மூடிவிட்டதா? இங்கே இரண்டு வழி பிரிகிறது. போல்ற் போதிய தூரம் பின்னே போகவில்லை, அல்லது போல்ற் வரும் நேரத்துக்குத் தோட்டா மேலே எழும்பவில்லை. இரண்டில் எது என்று அறிய கோது விழுந்த இடத்தைப் பாருங்கள். வழமையாக எட்டத்தில் ஒரே பக்கம் விழுகிற கோதுகள் இப்போது காலடியில் விழுந்தால் போல்ற்றுக்குப் பலம் போதவில்லை. கோதுகள் நன்றாகப் பறந்தும் அடுத்தது ஏறவில்லை என்றால் மகசின் ஸ்பிறிங்கைச் சந்தேகியுங்கள்.

தோட்டா அநேகமாக முழுதும் உள்ளே போய், போல்ற் மட்டும் கொஞ்சம் மூடாமல் நிற்பது வேறு கதை. அறையில் கிறீஸ் அல்லது தூசி இருக்கலாம், தோட்டாவின் உடல் அளவு தடித்திருக்கலாம், தோட்டா வேறு இனமாகவும் இருக்கலாம். கையால் அடித்தோ, கைபிடியை முழங்காலால் தள்ளியோ மூட வேண்டாம். அப்படி மூடினால் அந்தத் தோட்டா திரும்பக் கழராமல் இறுகிவிடும், பூட்டு முழுதாக விழாத நிலையில் வெடித்தால் முகத்துக்கே ஆபத்து.

வெற்றுக் கோது வாசலில் நிமிர்ந்து நின்று போல்ற்றால் நெரிபட்டிருந்தால் அது வெளியே எறிகிற வேலையின் பிழை. கோது அறையிலேயே தங்கி, புதுத் தோட்டாவின் மூக்கு அதன் பின்புறத்தில் போய் முட்டியிருந்தால் கொளுக்கி கோதைப் பிடிக்கவில்லை அல்லது நழுவவிட்டது. அந்தக் கோதின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு பிய்ந்திருந்தால் அறைக்குள் கோது ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் தீர்க்கிற காரியம் இல்லை அது.

புதுத் துவக்குக்கே உரிய காரணங்கள்

தொழிற்சாலை துவக்கைத் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்புகிற எண்ணெய், சுடுவதற்கான எண்ணெய் இல்லை. கடையில் மாதக்கணக்கில் நின்றால் அது தடித்துப் பசைபோல ஆகும். மார்கழிப் பனியில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இங்கே 22, 23 பாகையிலேயே அது உறைகிறது. பெறாமகன் மான் பருவத்துக்குப் போகிற நவம்பரில் அங்கே காலை வெப்பநிலை மறையில் இறங்கிவிடும். தேங்காய் எண்ணெயைத் துவக்குக்குப் போட ஒருவரும் போவதில்லை, ஆனால் தடித்த கிறீஸ் அந்தக் குளிரில் செய்கிற வேலை அதுதான். போல்ற் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும், அந்த மெதுவே போதும்.

ஆகவே முதல் வெடிக்கு முன்னே கைநூல் சொல்கிறபடி கழற்றி, பழைய பூச்சை முழுதாகத் துடைத்தெடுங்கள். தோட்டா அறையைத் தனியாக, அதற்குரிய தடித்த பிறஷ்ஷால் சுத்தம் செய்து, உலர்த்தித் துடையுங்கள். அறைக்குள் எண்ணெய் நிற்கக்கூடாது. போல்ற் ஓடுகிற தண்டவாளங்களுக்கு மெல்லிய எண்ணெய் கொஞ்சம். பிஸ்ரனையும் அது ஓடுகிற உருளையையும் பல கைநூல்கள் உலர்வாகவே வைக்கச் சொல்லும், ஏனென்றால் அந்தச் சூட்டில் எண்ணெய் கருகிக் கரியாகி இறுகும். கூட எண்ணெய் விட்டால் கூட நல்லது என்று நினைக்கிறவர்கள் பட்டறையிலும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம்தான்.

அடுத்தது கைப்பழக்கம். முதல் தோட்டாவை ஏற்றும்போது கைபிடியைப் பிடித்தபடி மெதுவாக முன்னே கொண்டுபோகிறார்கள். புதுச் சாமான் அடிபடக்கூடாது என்ற கரிசனை. அந்த ஸ்பிறிங் முழு வேகத்தில் ஓடி வந்து தோட்டாவை மகசினிலிருந்து உரித்து, சரிவில் ஏற்றி, பூட்டவும் வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் போடப்பட்டது. கை தடுத்தால் தோட்டா பாதி வழியில் நிற்கும். முழுதாகப் பின்னே இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தனித் தோட்டாவை விரலால் அறைக்குள் போட்டுவிட்டு போல்ற்றை ஓடவிட வேண்டாம். சில துவக்குகளில் தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கிற சுடுமுள் தளர்வாக மிதக்கும், அந்த அடியிலேயே வெடிக்கலாம். எப்போதும் மகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

மகசின் புதிதென்றால் ஸ்பிறிங் இறுக்கமாக இருக்கும். முழுதாக நிரப்பிய மகசினை மூடிய போல்ற்றுக்குக் கீழே தள்ளினால் மேல் தோட்டா போல்ற்றில் முட்டி, மகசின் பூட்டியது போலிருந்தும் பூட்டாமல் நிற்கும். "கிளிக்" சத்தம் கேட்ட பிறகும் கீழே பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கனடாவில் செமி ஒட்டோமற்றிக் வேட்டை றைபிள் மகசினுக்கு 5 தோட்டாவே சட்ட எல்லை. தொடக்கத்தில் அதிலும் ஒன்று குறைத்துப் போட்டுச் சுட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். 2020 மே மாதத்திலிருந்து அந்த நாடு செமி மொடல்கள் பலவற்றைத் தடைசெய்து வருவதால், எந்த மொடல் என்றாலும் வாங்க முதல் இன்றைய பட்டியலில் பார்த்துவிட வேண்டும்.

தோட்டாவைப் பற்றியும் கொஞ்சம். .308 வின்செஸ்ரர் கோதின் நீளம் 51 மில்லிமீற்றர், .30-06 கோதின் நீளம் 63. சன்னத்தின் விட்டம் ஒன்றுதான், அதனாலேயே மாறிப் போகிற ஆபத்து. கோதின் அடியில் பொறித்திருப்பதையும் குழலில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு தோட்டாவும் மகசினுக்குள் போகக்கூடாது. பழகும் காலத்தில் தொழிற்சாலையில் நிரப்பிய புதுத் தோட்டா மட்டும். வீட்டில் திரும்ப நிரப்பிய தோட்டாவின் கோது முழு அளவுக்கு அமுக்கப்படாவிட்டால், கையால் இயக்கும் றைபிளில் அது இறுக்கி மூடிவிடும், செமியில் மூடாது. ஒரே இனத்துத் தோட்டாவிலும் சன்னத்தின் எடையும் மூக்கின் வடிவமும் மாறினால் சில துவக்குகள் ஏற்றும், சில மறுக்கும். இரண்டு மூன்று வகைப் பெட்டி வாங்கிப் பார்ப்பது வீண் செலவில்லை.

இதை வாசிக்கிற ஊர்க்காரருக்கு ஒரு வார்த்தை. வேலி போடக் கிண்டும்போதும் தோட்டம் கொத்தும்போதும் எங்கள் மண்ணில் இன்னும் பழைய ரவைகள் வருகின்றன. இங்கே எழுதியது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. தொடாமல், துடைக்காமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

ஒற்றைத் தோட்டாச் சோதனை

இந்தச் சோதனையை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் செலவில்லாமல் பிரச்சினையை இரண்டாகப் பிளந்து தருகிறது. கடைசித் தோட்டா போனதும் போல்ற் பின்னே நின்றுவிடுகிற துவக்குகளில் இதைச் செய்யலாம். மகசினில் ஒரேயொரு தோட்டாவைப் போட்டு, மகசின் வழியாக ஏற்றி, சுடுங்கள். வெடித்த பிறகு போல்ற் பின்னே பூட்டி நின்றால், அது போக வேண்டிய தூரம் போயிருக்கிறது என்று பொருள். வாயு போதும், ஸ்பிறிங் சரி, எண்ணெய் சரி. இனி மகசினையும் தோட்டாவின் வடிவத்தையும் பாருங்கள். போல்ற் வெறும் அறையில் மூடிவிட்டால் பலம் போதவில்லை, அல்லது வழியில் ஏதோ உரசுகிறது. ஒருமுறை பார்த்து முடிவெடுக்க வேண்டாம், சிலமுறை திரும்பச் செய்யுங்கள். பிறகு இரண்டு தோட்டா, பிறகு நிறை மகசின்.

வீட்டில் சோதிப்பதென்றால் மருந்தும் பிறைமரும் (மருந்தைப் பற்றவைக்கிற அடிமூடியும்) இல்லாத பயிற்சித் தோட்டாக்களை வாங்குங்கள். நீங்கள் இருந்து சோதிக்கிற வீட்டு அறைக்குள்ளேயே உண்மைத் தோட்டா இருக்கக்கூடாது. மகசினை நிரப்பி, கைபிடியை முழுதாக இழுத்து இழுத்து விட்டால் ஒவ்வொன்றும் எப்படி ஏறுகிறது என்று ரோச் லைற் அடித்துப் பார்க்கலாம். மகசின் உதடும் சரிவும் இதில் சோதிக்கப்படும். வாயுவின் பலம் சோதிக்கப்படாது, ஏனென்றால் இழுத்தது உங்கள் கை.

ஒவ்வொரு சிக்கலையும் குறித்து வைப்பது சோம்பல் பிடித்த வேலை, ஆனால் அதில்லாமல் ஒன்றும் தெளியாது. எந்த மகசின், அதில் எத்தனையாவது தோட்டா, எந்தப் பெட்டி, தோட்டா நின்ற கோலம், கோது விழுந்த தூரம். மகசின்களுக்கு மார்க்கரால் இலக்கம் போடுங்கள். எப்போதும் முதலாவது தோட்டாவே சிக்கினால் நிரப்பியது கூட, அல்லது மகசின் சரியாகப் பூட்டவில்லை, அல்லது கை தடுக்கிறது. எப்போதும் கடைசித் தோட்டா என்றால் ஸ்பிறிங் அல்லது தள்ளுதட்டு. ஒரு மகசினில் மட்டும் என்றால் அந்த மகசின். ஒழுங்கில்லாமல் எங்கேயும் வந்தால் அழுக்கு, தோட்டா, அல்லது வழியில் உரசல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துடைத்து, மகசினும் மாற்றி, தோட்டாவும் மாற்றிச் சுட்டு அது சரிவந்தால், எதனால் சரிவந்தது?

பெறாமகனுடைய துவக்கில் போல்ற் தோட்டாவின் முதுகில் ஏறி நின்றது, கோதுகள் காலடியில் விழுந்தன. ஒற்றைத் தோட்டாச் சோதனையிலும் போல்ற் பின்னே நிற்கவில்லை. முழுதாகத் துடைத்தான், மாறவில்லை. கனத்த சன்னத் தோட்டா வாங்கினான், கொஞ்சம் குறைந்தது. அந்தக் "கொஞ்சம்" தான் எனக்குப் பொறி தட்டியது. பலம் கூடினால் குறைகிறதென்றால் வழியில் தடை இருக்கிறது. போல்ற்றைக் கழற்றி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, மேற்புறத்தை கிட்டப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். கறுப்புப் பூச்சின் மேல் நீளமாக, தலைமயிர் மொத்தத்தில், ஒரு வெள்ளிக் கோடு. ஸ்கோப்பை (குறிபார்க்கிற தொலைநோக்கியை) பொருத்திய கடையில் அடித்தளத் திருகாணிகளில் ஒன்று நீளம் கூடியதாகப் போடப்பட்டிருந்தது. அதன் நுனி உள்ளே எட்டிப் பார்த்து, ஒவ்வொரு வெடிக்கும் போல்ற்றின் முதுகைக் கீறிக்கொண்டிருந்தது. சரியான நீளத் திருகாணி போட்டதும் கோதுகள் எட்டப் பறந்தன.

ஸ்கோப் இன்னொரு விதமாகவும் தொல்லை தரும். தாழ்வாகப் பொருத்திய பெரிய ஸ்கோப்பின் திருகுமுடி வாசலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால், பறக்கிற கோது அதில் அடித்து உள்ளேயே திரும்பும். முடியின் அடியில் பித்தளை நிறத் தேய்ப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் சரியாக ஓடிய துவக்கு வீட்டுக்கு வந்தபின் சிக்கினால், இடையில் யார் எதைப் பூட்டினார்கள் என்பதே என் முதற்கேள்வி.

கை வைக்கக்கூடாதவை

குறடால் மகசின் உதட்டை நெளிக்க வேண்டாம். சரிவை எமரித்தாளால் மினுக்க வேண்டாம். ஸ்பிறிங்கை வெட்டவோ இழுத்து நீட்டவோ வேண்டாம். இவற்றை இணையத்தில் துணிச்சலாகக் காட்டுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே மனம் பொறுப்பதில்லை. அரம் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது லேத்தில் நிற்கிற ஒவ்வொரு பெடியனும் முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம். புதுத் துவக்குக்கு உத்தரவாதமும் உண்டு, நீங்கள் ஒருமுறை உரசினால் அது போய்விடும். கூட வெடி வைத்தால் பழகிச் சரிவரும் என்பதும் ஓரளவுக்கே உண்மை. புதுப் பரப்புகள் ஓடி ஓடி மினுங்குவதால் சில பெட்டிக்குள் சிக்கல் குறைந்து வந்தால் அப்படியே விடுங்கள். குறையாமல் ஒரே மாதிரி நின்றால் அது பழக்கத்தால் தீராது.

சில அடையாளங்களைக் கண்டால் அடுத்த வெடியே வைக்கக்கூடாது: கோது பிளந்திருப்பது அல்லது ஒரு பக்கம் வீங்கியிருப்பது, அடியிலுள்ள பிறைமரில் துளை விழுந்திருப்பது, விளிம்பு பிய்வது, ஒருமுறை அழுத்த இரண்டு வெடி போவது, போல்ற் முழுதாகப் பூட்டாமலே சுடுவது. இவை உரிமம் பெற்ற திருத்துநரின் வேலை.

அவரிடம் போகும்போது துவக்கை வெறுமையாக்கி, பூட்டிய பெட்டியில், அந்த நாட்டுச் சட்டப்படி கொண்டுபோங்கள். மகசின்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள், நன்றாக வேலை செய்வதையும் சேர்த்து. குறிப்புக் கொப்பி, படங்கள், பாவித்த தோட்டாப் பெட்டியின் மட்டை, வடு விழுந்த தோட்டாக்கள், கோதுகள் எல்லாம் கூட வேண்டும். கோதுகளைக் கழுவி மினுக்கிக் கொண்டுபோகாதீர்கள். அவற்றில் உள்ள கரியும் கீறலும் அவருக்குத் தேவை.